கை படாத வீடு

எங்கள் மேலாளருக்கு மழுமழு என்று பெயர் வைத்ததே நான்தான். ஏசியை இயக்கச் சுவரில் மாட்டும் பலகையில் ஒரு பொத்தானோ குமிழோ துருத்திக்கொண்டிருந்தால் அவருக்கு ஆகாது. வெறும் கண்ணாடியாக மழுமழுவென்று இருக்க வேண்டும். வீட்டுக்காரர்களின் பழக்கத்தை அது தானே கற்றுக்கொண்டு, கடைசியில் யாருமே தொடத் தேவையில்லாமல் ஆகிவிட வேண்டும். கை படவில்லை என்றால் வாடிக்கையாளருக்குத் திருப்தி, அவ்வளவுதான் அவர் கணக்கு. அந்தப் பலகையை வடிவமைப்பது என் வேலை. நான் குமிழ் வைத்துச் செய்துகொடுத்த மாதிரியை அவர் பார்த்த மாத்திரத்தில் ஓரம் கட்டினார். நானும் விடாப்பிடியாக அதை என் மேசை டிராயரில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

சோதனைக்காக ஏசி மாட்டிய வீடுகளில் என் அக்கா வீடும் ஒன்று. அதற்கான செயலியை மாமாவின் போனில் பதிந்திருந்தோம். விற்பனைக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டுவதற்கு மழுமழு அந்த வீட்டைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

"பாருங்க, வாரக்கணக்கா ஒருத்தரும் தொடல. கை படாத வீடு," என்றார்.

எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. மாமா ஆபீசுக்குக் கிளம்பியதும் தினமும் அறையின் வெப்பம் மளமளவென்று இறங்கி, சாயந்திரம்தான் ஏறியது. மனுஷர் குடியிருக்கும் வீடா, ஐஸ் பெட்டியா? மழுமழுவிடம் காட்டினேன்.

"சென்சார் கோளாறு. அந்த நேரத்துப் பதிவை மட்டும் நீக்கிட்டு, சோதனை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டுடுங்க," என்றார்.

நீக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த வீட்டைப் பற்றி இயந்திரம் இத்தனை நாள் படித்துக் கிழித்தது திரையில் வந்தது. வசிப்பவர்: ஒருவர்.

எனக்குச் சுருக்கென்றது. மாமாவாவது பொழுது விடிந்தால் ஆபீசுக்குப் போய்விடுகிறார். துணிகளைப் பிரித்துத் தைத்துத் தரும் அக்கா முழு நாளும் அந்த அறையிலேயேதான் இருக்கிறாள். பழைய பதிவுகளைக் கிளறினேன். ஆரம்பத்தில் அவள் தொட்டுத் தொட்டு ஏற்றிய ஒவ்வொரு டிகிரியும் அங்கே இருந்தது. எல்லாவற்றுக்கும் நேராக 'தவறுதலான தொடுகை' என்று போட்டிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தையல் மிஷினில் குனிந்திருந்தாள். சுவரில், நாங்கள் பார்த்துப் பார்த்து இழைத்த கண்ணாடிப் பலகையின் கீழ்விளிம்பில், சென்சார் இருக்கும் இடமாகப் பார்த்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த பட்டாணிப் பாக்கெட் ஒன்று ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கியது. ஏசி நின்றிருந்தது.

"என்னக்கா இது?"

"உன் மிஷினுக்கு ஒத்தடம்," என்றாள் தலை நிமிராமல். "மூக்குல ஜில்லுனு பட்டா, ரூம் குளிர்ந்துடுச்சுன்னு நெனச்சு வாயை மூடிக்குது."

"பலகையிலயே ஏத்தி வெக்கலாமே?"

"வெக்காமலா இருந்தேன்? நான் ஏத்தி வெச்ச உடனே மாமா போனுக்கு மெசேஜ் போகுது. வழக்கத்துக்கு மாறா இருக்கு, சரி பண்ணட்டுமான்னு கேக்குதாம். அவர் வேலை மும்முரத்துல ஆமான்னு தட்டி விட்டுடறார். இங்க மறுபடியும் ஜில்லுனு அடிக்குது. விரல் விறைச்சுப் போச்சுன்னா ஊசியில நூல் கோக்க முடியுமா?"

"மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன், ம்ம்னு கேட்டுக்கிட்டார். தெனமும் சொல்லணுமா? என் வீட்டுல என் விரல் விறைக்காம இருக்கறதுக்கு நான் அவருக்கு மனு போட்டு, அவர் மிஷினுக்குச் சிபாரிசு பண்ணணுமா? போடி. எனக்குப் பட்டாணி போதும்."

எனக்குப் போதாது. திரும்பி வந்து மழுமழுவின் அறைக்குள் நின்றேன்.

"சார், அது சென்சார் கோளாறு இல்ல. எங்க அக்கா."

விஷயத்தைச் சொன்னேன். "கை படலன்னா திருப்தின்னு அர்த்தம் இல்ல சார். சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுன்னும் அர்த்தம். அந்தக் குமிழ் வேணும். கடைசியா யார் திருப்பினாங்களோ அவங்க சொன்னதுதான். அதுக்காக எவர் போனுக்கும் கேள்வி போகக் கூடாது."

"குடும்ப விஷயத்தை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க," என்றார். "நாளைக்குக் கூட்டம். கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"வேலை வேணாமா?"

"வேணும் சார். பொய்க் கையெழுத்துதான் வேணாம்."

வீட்டுக் கடன் ஒரு கணம் கண்முன் வந்து போனது உண்மை. ஆனாலும் டிராயரைத் திறந்து குமிழ் வைத்த பலகையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். மாமா போனுக்குக் கேள்வி போவதை நிறுத்தினேன்; ஆபீசுக்குப் போகும் பதிவை மட்டும் விட்டுவைத்தேன். இறங்குவதற்குள் அவள் குமிழைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி ஓடத் தொடங்கியிருந்த ஏசி அடங்கியது. பட்டாணி ஃப்ரீசருக்குத் திரும்பியது.

மாமா வந்ததும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "என்ன இவ்ளோ புழுக்கமா இருக்கு? எனக்கு மெசேஜ் ஒண்ணும் வரலையே?"

"இனிமே வராது," என்றாள் அக்கா. "எனக்குக் குளிருது. நானே ஏத்தினேன்."

"குளிருதுன்னா சொல்லலாம்ல?"

"ஆரம்பத்துல தெனமும் சொன்னேன். அந்தச் சுவத்துல கை வெச்சுச் சொன்னேன். நீங்க அங்கேருந்து ஆமா ஆமான்னு தட்டித் தட்டி அழிச்சீங்க."

மாமா போனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். எதைத் தட்டி அழிக்கிறோம் என்று அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என் போன் அடித்தது. மழுமழு. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்தக் கை படாத வீட்டுல எவரோ கை வெச்சிருக்காங்க. வெப்பம் ஏறிக்கிட்டே போகுது. நாளைக்கு நான் எதைக் காட்டறது? யார் அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தாங்க. இந்த வீட்டுல இருக்கறவ."

அவள் போனை என்னிடம் தந்துவிட்டு, குமிழை இன்னும் ஒரு கோடு ஏற்றினாள்.