விட்டுப்போன வரிசைகள்

"ஆமா, இன்னிக்கு எந்தக் குதிரைங்க?"

சனிக்கிழமை, மதியம் ஒன்று நாற்பது. அரை நாள் ஆபீஸ் முடித்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பிட உட்கார்ந்திருந்தார் அட்டவணை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தாறு வருஷம். எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று அட்டவணை போடுவதுதான் வேலை. பெயரை வைத்தவன் மனைவியின் தம்பி. அது எப்படியோ ஆபீசுக்கும் போய்விட்டது.

மனைவி வழக்கமாக எந்தக் குதிரை என்று கேட்கமாட்டாள். இன்று போகிற பணம் அவளுடையது. அதனால் கேட்டாள்.

"அவசரக்காரி. நாலாவது ரேஸ், ஆறாம் நம்பர்."

தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். வாயில் குண்டூசிகள் இருந்ததால் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

"அதுவா! பாதி வழியில நின்னுடற கழுதையாச்சே அது."

அட்டவணையின் கை தட்டிலேயே நின்றது.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மூணு வருஷமா ரேஸ் புத்தகத்தைப் பார்த்து உங்க கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறவ நான்தானே. அந்தப் பேரு வந்தாலே எனக்குக் குஷிதான். ஒரு வரிசை மிச்சம்."

"மிச்சம்னா?"

"நின்னுட்டா நேரம் போட்டிருக்காது இல்ல? அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா உங்க புரோகிராம் செவப்பு செவப்பாக் கத்தும். அதனால அந்த வரிசையையே விட்டுடுவேன். நீங்கதானே விடச் சொன்னீங்க?"

சொன்னார். எப்போது என்றுகூட ஞாபகம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, கன்னமெல்லாம் சோப்பு நுரை. கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்டாள். ஆபீசுக்கு நேரமாகிற எரிச்சலில், "நேரம் இல்லாததை விட்டுடேன், அதுக்கெல்லாமா கேட்பே?" என்று கண்ணாடியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"மொத்தம் எத்தனை விட்டிருப்பே?"

"எண்ணலையே. புத்தகத்துக்கு நாலஞ்சு. பென்சில்ல டிக் பண்ணியிருக்கேன் பாருங்க."

தொண்ணூற்றாறு ரேஸ் புத்தகங்கள். நானூறு வரிசைகளுக்கு மேல். விழுந்தவை, நொண்டியவை, நடுவழியில் மனசு மாறியவை. ஒன்றுகூட அவருடைய கணக்கில் இல்லை. அவருடைய கணக்கில் எந்தக் குதிரையும் நின்றதே கிடையாது.

எழுந்து போய் அந்தப் பெயரைத் தேடிப் புத்தகங்களைப் புரட்டினார். பென்சில் டிக். அவசரக்காரி, அவசரக்காரி, அவசரக்காரி, அவசரக்காரி. பதினோரு ரேஸில் நான்கு தடவை நின்றிருக்கிறாள். மிச்சம் ஏழில் காற்று மாதிரி ஓடியிருக்கிறாள். புரோகிராமுக்கு அந்த ஏழு மட்டும்தான் தெரியும்.

செத்தவர்களை விட்டுவிட்டு ஆயுள் கணக்குப் போட்ட கதை. இதே தப்புக்காகப் புதிதாக வந்த எத்தனை பேரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்! கோபம்கூட வரவில்லை. தோள் இரண்டும் கீழே இழுத்தன, அவ்வளவுதான்.

"பணத்தை எப்ப வாங்கிட்டுப் போனான் உன் தம்பி?"

"பதினொரு மணிக்கே." குண்டூசிகளைத் துப்பினாள். முகம் மாறிவிட்டது. "ஏங்க? என்ன?"

மூன்று வருஷத் தையல் கூலி அது. கடைத்தெருவில் ஒரு கடை காலியாகியிருந்தது. கடையின் சொந்தக்காரர் திங்கள் வரை தவணை கொடுத்திருந்தார். முன்பணத்துக்கு அந்தத் தொகை சரியாக இருந்தது. 'முன்பணம் மட்டும் போதுமா? சாயங்காலத்துக்குள்ள மிஷினுக்கும் சேர்த்து வரும்' என்று சொன்னது இவர். அதுவரை போட்டதெல்லாம் சில்லறை. ஏறும், இறங்கும், கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். 'சின்னதாப் போட்டா அப்படித்தான், பெரிசாப் போட்டாத்தான் கணக்கு பேசும்' என்று விளக்கியதும் இவர்தான்.

மச்சானுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன். ரேஸ் மைதானத்தில் இருக்கும்போது சவாரிக்காரர்கள் கூப்பிட்டால் ராசி போய்விடுமாம்.

நாலாவது ரேஸ் மூன்று முப்பதுக்கு. செருப்பை மாட்டினார்.

"சாப்பிட்டுட்டாவது..." என்றாள் அவள்.

"வந்து சாப்பிடறேன்."

ஒரு பஸ். அப்புறம் இன்னொரு பஸ். இரண்டாவது பஸ், பாலத்தின் மேல் பதினெட்டு நிமிஷம் நகரவில்லை. இறங்கி நடந்தார். ஐம்பத்து நாலு வயதில் ஓட்டம் என்பது வேகமான நடைக்கு வைத்துக்கொள்ளும் பெயர்.

மைதானத்துக்கு அவர் வந்ததே இல்லை. குதிரையை நேரில் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயும், எண் சாயாது என்பது அவர் கொள்கை. நுழைவுச்சீட்டு எந்தப் பக்கம் வாங்குவது என்றுகூடத் தெரியவில்லை. தரை முழுக்கக் கிழிந்த சீட்டுகள். வெயிலில் வியர்வையும் சாணமும் கலந்த வாடை. எல்லோரும் ஒரே திசையில் கழுத்தை நீட்டி, தலைக்கு மேலிருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைகளை நடத்திக்கொண்டு போனார்கள். ஆறாம் நம்பர். பழுப்பு நிறம், ஒரு காலில் மட்டும் வெள்ளை. அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னவள். மணி மூன்று இருபத்தொன்று. நின்று பார்க்க நேரமில்லை.

பணம் கட்ட எட்டு ஜன்னல்கள், எட்டு வரிசைகள். ஐந்தாவதில் மச்சான். அவனுக்கு முன்னால் மூன்று பேர்.

"மாப்ள! போடாதே!"

மச்சான் திரும்பினான். பேயைப் பார்த்த மாதிரி பார்த்தான். "மாமா? நீங்களா? இங்கயா?"

"பணத்தை வெச்சுக்கோ. வெளியே வா."

"என்ன விளையாடறீங்களா? விலை ஏழு ஓடுது! ஒண்ணுக்கு ஏழு! வரிசையை விட்டு வந்தா போச்சு."

"கணக்கு தப்பு."

"எது? ஆறு மாசமா ஊதினீங்களே, மனுஷன் பொய் சொல்லுவான், எண் பொய் சொல்லாதுன்னு, அதா?"

"ஓடி முடிச்ச குதிரைங்களை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டிருக்கேன். நின்னதுங்களைச் சேர்க்கலை. இது மூணு தடவை ஓடினா ஒரு தடவை நிக்கிற ஜாதி."

"அப்ப ரெண்டு தடவை ஓடுதில்ல?"

பின்னால் நின்ற ஒரு தொப்பைக்காரர் சத்தமாகச் சிரித்தார். "தம்பி பேச்சுல பாயின்ட் இருக்கு சார்."

"அது உங்க அக்கா பணம்டா."

"தெரியும். அக்காவுக்காகத்தானே நிக்கிறேன்? நீங்க சொல்லித்தானே நிக்கிறேன்?" மச்சானின் குரல் உடைந்தது. "காலையில ரெண்டு சவாரியை விட்டுட்டு வந்திருக்கேன் மாமா. சரி, பாதி. பாதி மட்டும் போட்டுட்டு..."

"பாதியும் வேணாம்."

"கால்வாசி?"

முன்னால் இருந்தவர்கள் முடித்துவிட்டார்கள். ஜன்னலுக்குள் இருந்த பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருவரையும் பார்த்தாள். "டிக்கெட் வேணுமா, இல்ல குடும்பப் பஞ்சாயத்தா? பஞ்சாயத்துன்னா அந்தப் பக்கம் மரத்தடி இருக்கு."

மச்சான் கவரை ஜன்னலை நோக்கி நீட்டினான். அட்டவணை அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வாழ்க்கையில் யார் கையையும் அவர் அப்படிப் பிடித்ததில்லை. பிடி இறுகவும் இல்லை. உதறியிருந்தால் விட்டிருக்கும்.

மச்சான் உதறவில்லை.

"என்னோட தப்பு மாப்ள," என்றார். "முழுக்க முழுக்க என்னோடது. வீட்டுக்குப் போயிடலாம்."

மணி அடித்தது. எட்டு ஜன்னல்களும் மூடின. தொப்பைக்காரர் இரண்டு பேரையும், இரண்டு பேர் பரம்பரையையும் சேர்த்துத் திட்டினார். அவரும் ஆறாம் நம்பருக்குத்தான் நின்றிருந்தாராம்.

அவசரக்காரி ஜெயித்தாள். வேறென்ன செய்வாள்? ஒரு இடத்திலும் நிற்கவில்லை, நிற்கிற யோசனையே இல்லை. கடைசி வளைவில் மூன்று குதிரைகளை ஒரே மூச்சில் தாண்டி, தனியாக வந்து சேர்ந்தாள். அட்டவணை தன் வாழ்நாளில் நேரில் பார்த்த முதல் ரேஸ் அது. அழகாகத்தான் இருந்தது.

மச்சான் டாக்ஸி வரை நடந்தான், கதவைத் திறந்துவிட்டான். மாமாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, முன்னால் போய் உட்கார்ந்தான். மூன்றாவது சிக்னலில்தான் வாயைத் திறந்தான்.

"ஏழு மடங்கு."

"ம்."

"ஒரு நிமிஷம் லேட்டா வந்திருக்கக் கூடாதா நீங்க? பஸ்ஸு அங்கேயே நின்னிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கறது நியாயம்தான்."

"எனக்கு நியாயம் வேணாம் மாமா. ஏழு மடங்குதான் வேணும்."

விளக்கிச் சொல்லலாம். இன்றைக்கு ஜெயித்ததால் கணக்கு சரியாகிவிடாது, இது எட்டாவது நல்ல நாள், அவ்வளவுதான் என்று சொல்லலாம். ஆபீஸில் ஒரு மணி நேரம் பாடமே எடுத்திருப்பார். இப்போது நாக்கைத் தூக்கவே அலுப்பாக இருந்தது.

வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தபடியே நின்றாள்.

"போடலை," என்றார்.

மூச்சு வெளியே வந்தது.

"ஜெயிச்சிடுச்சுக்கா," என்றான் தம்பி. "உன் வீட்டுக்காரர் ஓடி வந்து தடுத்தார். ஏழு மடங்கு. உனக்குக் கடை, மிஷின், எனக்கு ஒரு புது வண்டி, எல்லாம் போச்சு. நீயே கேளு அவரை."

அவள் புடவையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அட்டவணை காத்திருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று டாக்ஸியிலேயே முடிவு செய்துவிட்டார்.

"விட்டதையெல்லாம் மத்தியானம் பூரா உள்ளே போட்டுப் பார்த்தேன்," என்றாள். "காலிக் கட்டத்துல பெரிய நம்பரா ஒண்ணு போட்டா கத்த மாட்டேங்குது. அறுபது புத்தகம் முடிஞ்சுது. அந்த அறுபதுலயும் நஷ்டம்னுதான் காட்டுது. எல்லா மாசமும்."

"காட்டும்," என்றார்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா நானே வந்து பிடுங்கியிருப்பேன்." தம்பியிடம் கையை நீட்டினாள். "குடு."

"அக்கா, நாளைக்கு ஏழு ரேஸ் இருக்கு. மாமா இப்ப கணக்கைச் சரி பண்ணிட்டார்னா..."

அட்டவணை நிமிர்ந்தார். அவன் சொல்வதில் விஷயம் இருந்தது. நின்ற குதிரைகளையும் சேர்த்துவிட்டால், எடையையும் வளைவையும் பார்த்து எது எப்போது நிற்கும் என்றே சொல்லிவிடலாம். இரண்டு மாதம் போதும். காலிக் கட்டத்துக்குத் தனியாக ஒரு...

அவர் கண்ணில் அது ஓடியதை அவள் பார்த்துவிட்டாள்.

"குடுடா!"

கவர் கை மாறியது. அவள் வீட்டைப் பூட்டினாள். சாப்பிடாத தட்டு உள்ளேயே இருந்தது.

"வண்டியை எடு. கடைச் சொந்தக்காரர் ஆறு மணி வரைக்கும் இருப்பார்."

"திங்கக்கிழமைதானே..."

"திங்கக்கிழமைக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் புத்தி மறுபடி வளர்ந்துடும். ஏறுங்க."

ஐந்து நாற்பதுக்கு ரசீது கைக்கு வந்தது. ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே இருந்து தூசியும் பழைய பெயின்ட் வாடையும் வந்தன. வெட்டு மேஜை இங்கே, மிஷின் அங்கே என்று அவள் காலாலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இஞ்ச் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த தம்பி, "ரெண்டு மிஷின் போட்டிருக்கலாம்" என்று முனகினான்.

"முனகாதே, நேராப் பிடி. பத்தரை அடியா, பத்தேமுக்காலா? என்னங்க, நீங்க வந்து பாருங்க."

திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில், சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பத்தேமுக்கால்னு வெச்சுக்கோ," என்றாள் தம்பியிடம், குரலைத் தாழ்த்தி.