ஒரே கொழுந்து, இரண்டு பை

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஒருத்தியின் பை குறைந்தால், பக்கத்து நிரைக்காரி தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவாள். போடாவிட்டால் குறைந்தவளுக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம் போய்விடும். யார் பையில் யார் கொழுந்து என்று கணக்கப்பிள்ளை கேட்பதில்லை. ஓப்பநாயக்கப் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தர்மிளா அதே புத்தியில்தான் கிருஷ்ணகுமாரிக்குப் பதில் எழுதிக் கொடுத்தாள். வினை அங்கே பிடித்தது.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாளர் எடுக்கப் போகிறார்கள், முன்பள்ளிச் சான்றிதழ் கட்டாயம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே ஆயாவாகப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்த தர்மிளாவும், மலையில் அவள் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் குமாரியும் ஒரே ஆன்லைன் படிப்பில் சேர்ந்தார்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் படிக்கும் படிப்பு. வாராவாரம் கேட்கும் கேள்விக்குக் கருத்துக்களத்தில் பதில் எழுதாதவருக்குப் பரீட்சை கிடையாது.

தர்மிளா மாய்ந்து மாய்ந்து எழுதினாள். தாய் மலைக்குப் போனதும் ஏங்கி அழும் பிள்ளையைப் பற்றி எழுதி, உங்கள் பக்கம் எப்படித் தேற்றுவீர்கள் என்று கேட்டாள். ஒரு ஈ காக்கை பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் "நல்ல கருத்து" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

அந்த வாரம் குமாரி கை ஓய்ந்துபோய் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பாவமாகப் போயிற்று. "இந்தாங்கக்கா, கொஞ்சம் மாத்திப் போட்டுக்குங்க" என்று தன் பதிலை ப்ளூடூத்தில் அனுப்பினாள் தர்மிளா. லயத்தில் சிக்னல் இல்லை. மறுநாள் வேலை முடிந்து ரோட்டுக்கு இறங்கித்தான் அவளால் போட முடிந்தது. குமாரியோ காலையிலேயே மலை உச்சியில் நின்று, ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டிருந்தாள்.

இரண்டு பதிலும் ஒன்றேதான், பிந்திப் போட்டவர் திருடியவர், பரீட்சைக்கு இடமில்லை என்று படிப்பை நடத்துகிறவர்களிடமிருந்து தர்மிளாவுக்கு வந்தது. மற்றவர் ஒப்புக்கொண்டால் மட்டும் மறுபடி பார்ப்பார்களாம்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குமாரியை மறித்தாள்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன்னு ஒரு வரி அனுப்புங்கக்கா."

"அனுப்பினா என்னையப் படிப்புலருந்து வெட்டிருவாங்க. நீ சோறு போடுவியா?"

"எழுதுனது நானு!"

"ஒங்கம்மா புஷ்பம் பையில நான் எத்தன தடவ அள்ளிப் போட்டிருக்கேன்? அது என் கொழுந்துன்னு கணக்கப்புள்ளகிட்ட போயிக் கத்துனேனா?"

"கொழுந்தும் இதுவும் ஒன்னா?"

"குடுக்கறப்ப ஒன்னாத்தானே இருந்துச்சு? இப்ப பெரிய மனுசி, லொக்கு நோனா ஆயிட்டியோ?"

"சொந்தமா ஒரு வரி எழுதத் துப்பில்ல. நீங்க புள்ளைங்களப் பாக்கப் போறீங்களா?"

"ஆமாடி, போறேன். நீ எனக்குக் கீழ நின்னு தொட்டில ஆட்டு."

தர்மிளா குடத்தை எட்டி உதைத்தாள். அது உருண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. அப்படியே ரோட்டுக்கு இறங்கி, குமாரியின் பெயரைப் போட்டு, திருடி என்று கருத்துக்களத்தில் எழுதினாள். குமாரி மலை உச்சிக்கு ஏறி, அங்கேயே பதிலுக்கு ஏசி எழுதினாள்.

அதுவரை செத்துக் கிடந்த களத்துக்கு உயிர் வந்துவிட்டது. "பைப்படிச் சண்டை இங்கயுமா?" என்றான் றிஸாத் என்று ஒருத்தன். "தோட்டத்து ஆக்கள் இப்பிடித்தான்" என்றாள் இன்னொருத்தி. சிரிப்புப் படங்கள் கொட்டின. அழும் பிள்ளைக்கு வாய் திறக்காத அத்தனை பேரும் வந்தார்கள்.

வாரக் கடைசியில் இரண்டு பேரையும் வெட்டிவிட்டார்கள். கூடவே நடத்துகிறவர்களின் அறிவித்தல்: இந்த வாரம் பங்குபற்றல் மிகச் சிறப்பு, கருத்திட்ட எல்லோருக்கும் புள்ளி உண்டு.

திங்கட்கிழமை தராசடியில் புஷ்பத்தின் பை குறைந்தது. பழக்கத்தில் அவள் பக்கத்து நிரைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். குமாரி தன் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்த புஷ்பம் வெறும் பையை மகள் முகத்தில் எறிந்தாள்.

"ஒன் படிப்பு எனக்கு அரைப்பேருடி. நாளைக்கி நீயே வந்து அவ பக்கத்துல என் நிரையில நில்லு."