என் விரல், அவர் சர்க்கரை

சர்க்கரை அவருக்கு, பேச்சு வாங்குவது நான். எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, வண்டியிலேயே தீனி. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் சர்க்கரை மிஷின் வாங்கி அனுப்பினாள். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் போதும், நம்பர் நேராக அவளுடைய போனுக்குப் போய்விடும். ஏறியிருந்தால் அடுத்த நிமிடம் இங்கே மணி அடிக்கும். அவர் போன் அல்ல, என் போன்.

"அம்மா, நேத்து அப்பாவுக்கு என்ன சமைச்ச? எத்தனை தடவதான் சொல்றது உனக்கு?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டாக்சி ஸ்டாண்டில் நின்று அவர் கிரீம் பிஸ்கட் தின்றதற்கு நான் எப்படிப் பொறுப்பு? சொன்னாலும் கேட்க மாட்டாள். முப்பது வயதாகியும் அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அதட்டுவதில் மட்டும் அவள்தான் எங்கள் இரண்டு பேருக்கும் அம்மா.

ஒருநாள் சொல்லிவிட்டாள். "அப்பாவுக்கு சுகர் இறங்கலைன்னா நான் இந்த வேலைய விட்டுட்டு அங்கயே வந்துடறேன்." படாத பாடு பட்டுக் கிடைத்த வேலை அது. சொன்னதைச் செய்கிற பெண் வேறு. மறுநாள் காலையில் அவர் மிஷினை எதிரே வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காத பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் ஏதோ கல்யாண சவாரி, நன்றாக வளைத்துக் கட்டியிருக்கிறார். எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது.

"இங்க குடுங்க," என்று புது ஊசி மாற்றி என் விரலில் குத்திக்கொண்டேன். நம்பர் தங்கமாக வந்தது. பாப்பாவிடமிருந்து போனில் கைதட்டுகிற பொம்மைப் படம் ஒன்று வந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையை நாள் தவறாமல் அவர் வாயில் போட்டேன். பையைச் சோதனை போட்டேன், தட்டில் சோறு போடும்போது கையை இறுக்கினேன். அதில் நான் யாரையும் ஏமாற்றவில்லை.

எனக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இழுத்து, மடித்து அடுக்க வேண்டும். அந்த அனலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன், பாத்ரூமுக்கு ஓடினேன். "என்னக்கா, அங்கயே ஒரு ரூம் எடுத்துட்டீங்களா?" என்றாள் என்னோடு மடிக்கிறவள். நானும் சிரித்தேன். மத்தியானத்துக்கு மேல் கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடச் சோம்பல். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்த வேலையில் அலுப்பில்லாதவள் யார்?

அப்போதுதான் நம்பர் ஏற ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். "ஏய், எடுத்த நல்ல பேரெல்லாம் கெடுக்கறியே," என்று அவர் கேலி செய்தார். கை கழுவாமல் குத்தியிருப்பாய் என்றார். சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னும் ஏறியது. ரத்தம் வைக்கிற பட்டை பழசாக இருக்கும் என்று புது டப்பா உடைத்தோம். இருநூற்று எண்பத்தாறு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? சொன்னால் இத்தனை நாள் பித்தலாட்டமும் வெளியே வரும். ஒருத்தருக்கு இரண்டு பேராகச் சர்க்கரை என்று பாப்பா அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். சொல்லாமல் இருந்தால்? எங்கள் சலவைக்கூடத்தில் ஒருத்திக்குச் சர்க்கரை முற்றி, கால் விரலை எடுத்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

என் போன் அடித்தது.

"எடுக்காத, இரு," என்றார் அவர். சட்டென்று தன் விரலைக் குத்திக்கொண்டார். என்ன ஆனாலும் என்னுடையதைவிட மோசமாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ. நூற்று இருபத்தெட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். மாத்திரையும் அரை வயிறும் அவருக்கே தெரியாமல் வேலை செய்திருக்கின்றன. மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா! இனிமே உன் விரலே வேணாம். என்னோடதே போதும்."

என்னுடையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கெட்டவரில்லை. சந்தோஷத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

போன் மறுபடி அடித்தது. அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, இப்ப வந்தது நல்லா இருக்கே! அப்ப முதல்ல வந்தது தப்பா?"

"தப்புதான் பாப்பா. கை கழுவாம குத்திட்டேன், அதான்..."

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ரெண்டும் சரிதான் பாப்பா. இப்ப வந்தது அப்பாவோடது. முதல்ல வந்தது என்னோடது. இவ்வளவு நாளா வந்ததெல்லாம் என்னோடதுதான்."

அவர் ரத்தம் நின்றுபோன விரலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார். கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். வேலையை விடுகிறேன் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட வாயில் தயாராக வைத்திருந்தேன்.

"அம்மா," என்றாள். அதட்டல் இல்லாத இந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "நீ தினமும் என்னம்மா சாப்பிடற?"

அவருக்கு எத்தனை கரண்டி சோறு, எந்தப் பழம் ஆகாது, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. நின்றபடியே யோசித்தேன். அவர் தட்டில் குறைத்த சோறு எங்கே போயிற்று? அவர் பையிலிருந்து பிடுங்கிய பிஸ்கட்டெல்லாம்? காசு போட்டு வாங்கியதைக் குப்பையில் கொட்ட எனக்கு எப்போது மனசு வந்திருக்கிறது?

"அப்பாவுக்கு ஆகாததையெல்லாம் நான்தான் சாப்பிடறேன், பாப்பா," என்றேன்.