திறக்கும் நாள் இல்லாத தாள்

1
என் கணவன் பஸ்ஸு ஆடுகளோடு புறப்பட்ட காலையில் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு கைப்பிடி உப்பு.

"உனக்கா, ஆட்டுக்கா?" என்றேன்.

"ஆட்டுக்குத்தான். எனக்கு உன் வாயில இருக்கிற உப்பே போதும்."

இதை நானாக எழுத உட்காரவில்லை. எங்கள் அட்லஸ் மலை மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டுக் காக்கும் அறக்கட்டளை, தன் ஐந்தாம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறது. அவர்களின் ஆள் இத்ரீஸ் தலைநகர் ரபாத்திலிருந்து வந்து சொன்னான்: "துடா அக்கா, ஒரு பக்கம் போதும். முடிவுல மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கட்டும்."

2
முதல் தொடக்கம்: 'எங்கள் மலைக்குப் புல் திரும்பி வந்துவிட்டது. இதற்குக் காரணமான கொடையாளருக்கு'

(நிறுத்திவிட்டேன். திரும்பி வர, புல் எங்கே போயிருந்தது?)

இரண்டாவது: ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் ஊரே அந்த நிலத்தை மூடும். ஒரு ஆடும் ஏறாது. பிறகு ஊர்ச்சபை மேலே போய்ப் புல்லைப் பார்த்துத் திறக்கும் நாளை அறிவிக்கும். அந்த நாளை யாரும் முன்கூட்டி எழுதுவதில்லை. புல்லைப் பார்க்காமல் எப்படி எழுதுவது?

அதனால்தான் அறக்கட்டளையின் தாளில் மூடும் நாள் மட்டும் இருந்தது எவருக்கும் உறுத்தவில்லை. உரக்கப் படித்தவள் நான். நிலத்தின் காவலனான பஸ்ஸுதான் முதலில் கைநாட்டு வைத்தான்.*

3
அந்த ஆண்டு ஜூலையில் சபை மேலே ஏறியது. வேலியில் பூட்டு. மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம்.

"என்னைக் கேட்டா நான் என்னய்யா பண்ணுவேன்?" என்றார் அதிகாரி. "அரசாங்கத்தோட பருவநிலைத் திட்டத்தையே அவங்கதான் எழுதிக் குடுத்தாங்க. மேலிடத்துல கையெழுத்து மட்டும் போட்டாங்க."

அறக்கட்டளைக்குப் பணம் கொடுப்பவன் எவனோ ஒரு பணக்காரன். அவனுடைய விமானப் புகைக்கு எங்கள் புல் பரிகாரம். நல்லவன் என்கிறார்கள். இருக்கட்டும். கெட்ட மந்திரியைத் தேர்தலில் பதவியிலிருந்து இறக்கலாம். நல்லவனை எப்படி இறக்குவது?

பஸ்ஸு ஆடுகளை ஆற்றுப் பள்ளம் வழியாக மலையின் மறுபக்கம் ஓட்டிப் போனான். மதியம் மேலே மழை. வெள்ளம்

(தேர்ந்த எழுத்தாளர் இங்கே தண்ணீரை வருணிப்பார். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவனைப் பார்த்தேன். அதை எழுதமாட்டேன்.)

4
இத்ரீஸை வில்லனாக்க முயன்றேன். வரவில்லை. துக்க வீட்டில் உண்மையாகவே அழுதான். அழுதுகொண்டே இரண்டு தட்டு கூஸ்கூஸ் சாப்பிட்டான்.

கொழுந்தன் மோஹாவுக்கு என் கதையில் அக்கறை இல்லை. "அண்ணி, அவங்க கேக்குற மாதிரி எழுதிக் குடுங்க. மலர் நல்லா வந்தா வருசத்துல பத்து நாள் திறக்கப் பேசுறேன்னு இத்ரீஸ் சொல்றான்."

"நம்ம நிலத்தை நமக்குத் திறக்க, நான் நன்றி எழுதணுமா?"

"உங்க கோவத்தை ஆடு திங்குமா அண்ணி?"

5
ஒரு முடிவு: எழுதிக் கொடுக்கிறேன். பத்து நாள் திறக்கிறார்கள். மோஹாவின் ஆடுகள் பிழைக்கின்றன. அடுத்த தாளையும் நானே உரக்கப் படிக்கிறேன்.

இன்னொன்று: இதையே அனுப்புகிறேன். இத்ரீஸுக்கு வேலை போகிறது, எங்களுக்குப் பத்து நாளும்.

இன்னொன்று: ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து, ஊரே வேலியை

(வேண்டாம். இதைக் காவல்துறையும் படிக்கலாம்.)

இத்ரீஸ் நாளை வருகிறான். எதைக் கொடுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நம்பிக்கை வேண்டுமென்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இன்று வேலிவரை போய்வந்தேன். அந்தப் பக்கமும் ஆடுகள் நடந்து தேய்த்த பாதை தெரிகிறது. அதில் மட்டும் இன்னும் புல் முளைக்கவில்லை.

* படித்து முடித்ததும், "சரியாத்தான் இருக்கு, வைங்க" என்றது என் வாய்.