கேட்டைத் திறந்துவிட்டவள்

சிலி நாட்டின் சந்தியாகோ நகரத்தில் எங்கள் ஆபீஸ் கோபுரத்துக்கு நாற்பத்திரண்டு மாடி. மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்கள் வெயிலையே பார்க்காமல் சுரங்க நடைபாதை வழியாக நேரே லிஃப்டுக்குப் போய்விடலாம். ஆனால் நடுவே வரிசையாகக் கேட்டுகள் உண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் காவலாளி நோல்வியா, அதாவது நான். பன்னிரண்டு வருஷமாக ஒரு ஈகூட அட்டையைத் தேய்க்காமல் என்னைத் தாண்டியதில்லை. பெரிய மேனேஜரே அட்டையை மறந்துவிட்டு வந்தாலும் அடையாள எண்ணைச் சொல்லி எழுதவைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த நடைபாதையைத் துடைக்கிறவள் கெர்தா, ஹைட்டிக்காரி. வேலைக்கு வந்து அன்றோடு மூன்று மாதம். மாலை நாலு மணிக்கு நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து. அந்தத் தாள் கையில் இருந்தால்தான் ஊரில் விட்டுவந்த ஒன்பது வயது மகளை அழைத்துக்கொள்ள மனுப் போட முடியும். காலையிலிருந்து என்னிடம் மணி கேட்டுக்கேட்டு உயிரை வாங்கிவிட்டாள்.

"ஏண்டி, நீ கேக்குறேன்னு கடிகாரம் குதிச்சு ஓடிடுமா?" என்றேன்.

"இல்லக்கா, சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

பதினொன்றரைக்குத் தரை ஆடியது.

இந்த ஊரில் தரை ஆடினால் நாங்கள் ஓடமாட்டோம். எத்தனை ரிக்டர் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவர் கறி அடைத்த எம்பனாடா வாங்கித் தர வேண்டும். கையிலிருக்கிற காபியைக்கூடக் கீழே வைக்காமல் நிற்பதில் எங்களுக்கு ஒரு திமிர்.

"அஞ்சரை!" என்று கத்தினார் தோன் அப்தோன். காவலுக்கும் துப்புரவுக்கும் அவர்தான் மேற்பார்வையாளர்.

"போங்க தோன் அப்தோன், ஆறுக்கு ஒரு புள்ளி குறையாது!" என்று நான் கூண்டுக்குள்ளிருந்தே ஆறு விரலைக் காட்டினேன்.

கெர்தா துடைப்பானை வீசிவிட்டு ஓடிவந்து சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். எல்லாக் கேட்டுகளும் ஒரேயடியாகத் திறந்துகொண்டன. மணி அலறியது. "வெளிய! வெளிய போங்க!" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் தள்ளினாள். தோன் அப்தோனின் சட்டைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படியேறினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் நீர் வழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என் கூண்டுக் கதவைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒளிந்துகொள்ள இடம் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"இங்க ரெண்டு பேருக்கு இடமில்லடி!" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவள் கூண்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டமும் நின்றது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆறு என்று வானொலி சொன்னது. நான்தான் ஜெயித்தேன்.

நாலு மணிக்கு தோன் அப்தோன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. வெளியே திடலில் ஆபீஸ் பெண்கள் அவரைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்களாம்.

"ஒப்பந்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இதுக்கே வேலைய விட்டுட்டு ஓடுறவள வச்சுக்கிட்டு நாளைக்கு நான் என்ன பண்றது? நோல்வியா, நீ சாட்சிக் கையெழுத்துப் போடு."

'அச்சத்தில் பணியிடத்தை விட்டு ஓடினார்' என்று தாளில் எழுதியிருந்தது. கெர்தா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னிக்குப் போய் ஏண்டி இப்படிப் பண்ணித் தொலைச்ச?"

"எங்க ஊருல அன்னிக்கு ஆடுனப்ப பெரிய லாரி ஏதோ போகுதுன்னு நெனச்சோம்க்கா. அம்மா, 'லாரிதான், நீ சாப்பிடு'ன்னாங்க. நான் தண்ணி பிடிக்க வெளிய வந்தேன். திரும்பிப் பாத்தா வீடு இல்லக்கா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதும் நான் பேனாவை எடுத்தேன். எனக்கும் பிழைப்பு இருக்கிறதே.

தாளோடு இணைக்க ஒரு படம் வேண்டும் என்று தோன் அப்தோன் கேமராப் பதிவை ஓடவிட்டார். அவரை இழுத்துக்கொண்டு கெர்தா படியேறினாள். "பாத்தியா? ஓடுறா," என்றார். அடுத்த நொடியே அதே படியில் அவள் இறங்கி வந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு மேலே போனாள். மறுபடி இறங்கினாள். ஊன்றுகோல்காரர் ஒருவரை ஏற்றிவிட்டாள். மறுபடியும் இறங்கினாள். நடைபாதையில் ஒருவருமில்லை, விளக்குகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. நேரே என் கூண்டுக்கு வந்து கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உள்ளே ஒரு தடிச்சி ஆறு விரலைக் காட்டிக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தாள். கடவுளே, அது நான்தான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. கதவு அசையவில்லை. அவள் படியைத் திரும்பிப் பார்த்தாள், பன்னிரண்டே படிதான். பிறகு என் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தோன் அப்தோன் என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெர்தா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"வெளிய போயிருக்கலாமேடி, பைத்தியக்காரி," என்றேன்.

"கதவு உள்பக்கம் பூட்டியிருந்துச்சேக்கா," என்றாள். "நீங்க உள்ள தனியா இருந்தீங்க."