எக்காலமும் பச்சை

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்ற பைன் மரம் ஒரே பகலில் மொட்டையானதற்குக் காரணம் பூச்சியுமல்ல, வெயிலுமல்ல; மரக் கணக்கரின் மனைவி பதிவேட்டில் எழுதிய ஒரு வரி. அதுவரை அந்தப் பதிவேட்டில் யாரும் பொய் எழுதியதில்லை. அதனால் அதை மீறி நடக்க மரங்களுக்குப் பழக்கமில்லை.

ஊரிலுள்ள மரங்களை இனம் கண்டு எழுதுவது கணக்கரின் உத்தியோகம். மற்ற மரங்களுக்கு இரண்டு வரி. இந்த ஒன்றுக்கு மட்டும் நான்கு பக்கம். கொத்துக்கு ஐந்து ஊசியிலை, தொங்கும் நீளக் கூம்புக் காய், அதன் செதில் நுனியில் பிசின், மழை பெய்தால் கருக்கும் பட்டை, எக்காலமும் பச்சை. அவள் முடியைத் தோளளவு வெட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றபோதுகூட நிமிர்ந்து பார்க்காத மனுஷன், மழையில் ஒரு பட்டை கருப்பதைக் கவனித்திருக்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவர் சட்டைக் கையில் ஒட்டிவந்த பிசின் எந்த சோப்புக்கும் போகவில்லை. சக்களத்தியென்றால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மரத்திடம் என்ன கேட்பது? அவர் குளிக்கப் போன நேரத்தில் ‘எக்காலமும் பச்சை’யை அடித்துவிட்டு, ‘இலை உதிர்க்கும்’ என்று எழுதினாள். சாயங்காலத்துக்குள் ஒரு ஊசி மிச்சமில்லை.

அவள் நினைத்ததுபோல எதுவும் நடக்கவில்லை. மொட்டையான மரத்தை அவர் முன்னிலும் அதிகமாகப் பார்த்தார். சோறு தண்ணியில்லாமல் அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நான்தான் எழுதினேன்.”

“ஏன் இப்படிப் பண்ணின?”

“பதினோரு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்களா?”

அவர் பென்சிலைச் சீவினார். மரத்தின் வரியைத் திருத்தினார். அடுத்த பக்கத்தைப் புரட்டி, “ஜன்னல்கிட்ட வந்து அசையாம நில்லு” என்றார். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இடப்புருவத்தில் பழைய தழும்பு. சிரிப்பு இடப்பக்கமாகத் தொடங்கும். கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கைப்பழக்கத்தில் ‘எக்காலமும் பச்சை’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை மரம் தழைத்திருந்தது. கணக்கர் நரைத்தார், கூன் விழுந்தார், எழுபத்தொன்பதாம் வயதில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு இன்றுவரை ஒரு முடி நரைக்கவில்லை, ஒரு பல் ஆடவில்லை. பதிவேட்டில் இருப்பதால் பத்து வருடத்துக்கொருமுறை புதுக் கணக்கர்கள் அளவு நாடாவோடு வருகிறார்கள். அவளும் ஜன்னலோரம் அசையாமல் நிற்கிறாள். ஆனால் மரத்தை அளந்த பிறகுதான் தன்னிடம் வருகிறார்கள் என்பதில் அவளுக்கு இன்னும் காது மடல் சிவக்கிறது. அதையும் சரிபார்த்து, சரி என்று குறித்துக்கொண்டு போகிறார்கள்.