நீலக் கோட்டு

விடிவதற்குள் வார்டில் நாற்றம் ஏறிவிடும். வாந்தி, டெட்டால், மொட்டைத் தலைச் சந்தனம், மலையேறி மயங்கிய காவடிக்காரர்களின் வியர்வை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணியே திணறியது. இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சம்பள நர்ஸ் அனிதா அக்கா ஒருவர்தான். மற்றதெல்லாம் பயிற்சிக்கு வந்த மாணவிகள், நாங்கள். பயிற்சியாம்! சொல்லிக்கொடுக்க ஒரு நாதியில்லை. பெட்பேன் அலசினோம், டிரிப் ஏற்றினோம், நின்றபடியே தூங்கினோம்.

போட்ட ஊசிகளை எறியும் டப்பா நிரம்பி வழிந்தது. புதியது கேட்டால், "மூடி மாட்டி வைங்க" என்பார் முதலாளி டாக்டர் ஸ்ரீதர். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டக்கூடாது என்பது எங்கள் முதல் பாடம். எங்களில் அம்மையார்குப்பத்து நெசவாளி மகள் மோனிஷா மாட்டினாள். ராத்திரியும் அவளுக்கு டூட்டி, கண் சொக்கியது. ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. அந்த ஊசி போட்ட நோயாளிக்கு என்ன வியாதியோ, யாருக்கும் தெரியாது.

"தமிழு, பயமா கீதுடி" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லோரும் மாடியில் டாக்டர் அறைக்கு ஓடினோம்.

"சார், மோனிஷாவுக்கும் அந்தப் பேஷண்டுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். தடுப்பு மருந்து உடனே ஆரம்பிக்கணும்" என்றேன்.

"ஸ்டூடண்ட் எதுக்கும்மா ஊசிய தொட்ட? வெளிய பேசுனா ஒருத்திக்கும் அட்டெண்டன்ஸ் கெடையாது."

போன வாரம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தபோது, ஸ்டாஃப் நர்ஸ் போடும் நீலக் கோட்டை எங்களுக்கு மாட்டிவிட்டவர் இவர்தான். அன்றிலிருந்து கழற்ற விடவில்லை.

"இன்ஸ்பெக்‌ஷன்னா நாங்க ஸ்டாஃபு. ஊசி குத்தினா ஸ்டூடண்டா?"

கோட்டைக் கழற்றி அவர் மேஜையில் எறிந்தேன். ஒவ்வொருத்தியும் எறிந்தாள்.

அறை வாசலில் அனிதா அக்கா. இத்தனை வருடம் வாய் திறக்காதவர், தன் கோட்டையும் கழற்றி அதன்மேல் போட்டார்.

"ஆட்டோ வந்துகினு கீது. மோனிஷாவ கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நான் இட்டுகினு போறேன். நடந்தத அங்க நானே சொல்றேன்."

"அப்ப வார்டு?" என்று கத்தினார் ஸ்ரீதர்.

"நீங்கதான டாக்டரு? வந்து நில்லுங்க. பொண்ணுங்க உங்ககிட்ட கத்துக்குவாங்க."

மோனிஷாவுக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாக மாதங்கள் ஆகும். அட்டெண்டன்ஸ் போனால் எல்லோருக்கும் போகட்டும் என்று ஆட்டோ கிளம்பும்போதே பேசி முடித்துவிட்டோம். கல்லூரிச் சீருடையோடு வார்டுக்குத் திரும்பினோம்.

"சிஸ்டர், டிரிப் முடிஞ்சிட்ச்சி" என்றார் ஒரு காவடிக்காரர்.

"ஆங், இதோ டாக்டரே வந்துகினு கீறாரு" என்றேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.